பஞ்சாட்சரம் பார்த்து முடித்த காரியம்

சாமியைப் பார்ப்பதற்குக்கூட முதலில் ஓர் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிற ஊரில், அந்த ஆளாகவே இருந்து காலந்தள்ளியவர் பஞ்சாட்சரம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். சாதிச் சான்றிதழ், பள்ளிக்கூட சீட், செத்தவர் பெயரில் ஓடும் மின் இணைப்பை உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றுவது, எது வேண்டுமானாலும் அந்த பெஞ்சுக்கு வரலாம். வந்தவர் தன் கஷ்டத்தைச் சொல்லி அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, "சரி, இதுக்கு யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். விதிப்படி முடியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பார். அவரைப் பொறுத்தவரை விதி என்பது இன்னும் பார்க்கப்படாத ஓர் ஆள், அவ்வளவுதான்.

அவர் மனைவி தாயம்மா, தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது நாற்காலியும் வந்தது. அதில் புடவைக் கட்டு உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. முதலில் வயசு என்றார்கள், அப்புறம் எடை என்றார்கள், அப்புறம் வறட்டு இருமல் வந்து ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் நார் நாராகத் தடித்துக்கொண்டு போகிறதாம். பழைய பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போவதைப் போல. தட்டிய கட்டி இளகாது; இன்னும் தட்டாமல் தள்ளிப்போடத்தான் பார்க்கலாம்.

புருஷனைத் திட்டுவதில் தாயம்மா பக்கம் பக்கமாகப் போகக்கூடியவள். இப்போது ஒரு வாக்கியத்துக்கே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. "உன்னைக் கட்டிக்கினு" என்று தொடங்குவாள். மூச்சு வாங்குவாள். எங்கே விட்டோம் என்று யோசித்து, "இன்னா கண்டேன்" என்று முடிப்பதற்குள் பஞ்சாட்சரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போயிருப்பார்.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம். அங்கே இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளை அழைத்துப் போனார். ஆராய்ச்சிக்குப் பொறுப்பு டாக்டர் பாலகணேஷ். நோயாளிகளுக்கு எல்லாவற்றையும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் வேலை ஜுவேரியா என்கிற இளம்பெண்ணுக்கு.

"ரெண்டு விதமான டப்பா இருக்கு அங்கிள்" என்று ஜுவேரியா ஆரம்பித்தாள். "ஒண்ணுல மருந்து. இன்னொண்ணுல அதே நிறம், அதே அளவு மாத்திரை, ஆனா வெறும் மாவு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் பூவா தலையா போட்டு எடுத்துடும். டப்பா மேல நம்பர் மட்டும்தான் இருக்கும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

மற்ற சிகிச்சை எல்லாம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான் என்றாள். எப்போது வேண்டாமென்றாலும் விலகிக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ஒருவருடைய நம்பரை மட்டும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. மாவு எதற்கு என்று தாயம்மா கேட்டாள். நம்மை நாலு பேர் கவனிக்கிறார்கள் என்ற தெம்பிலேயே சிலருக்குக் கொஞ்ச நாள் தேவலையாகும், மழை விட்டால் சிலருக்கு மூச்சு லேசாகும். அதையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதிவிட்டால் நாளைக்கு ஊரே ஒன்றுக்கும் உதவாத மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கும் என்று ஜுவேரியா விளக்கினாள். டாக்டருக்குத் தெரிந்தாலும் ஆபத்து. மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்ததும் அவர் கண்ணுக்கே முகம் தெளிந்த மாதிரி தெரியும்.

தாயம்மாவுக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட்டாள். பஞ்சாட்சரத்துக்கு வேறு மாதிரி புரிந்தது. யாருக்கும் தெரியாது என்று ஓர் ஆபீஸில் சொன்னால், மேலே ஒருத்தர் இருக்கிறார் என்று அர்த்தம்.

"அந்தக் கம்ப்யூட்டரு எந்த ரூம்ல கீது மேடம்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் பார்க்காத ஆள் இல்லை. வாட்ச்மேனைப் பார்த்தார். மருந்து கொடுக்கிற ஜன்னலில் இனிப்புப் பெட்டியோடு போய் நின்றார். ஜன்னல்காரர், தன்னிடமும் வெறும் நம்பர்தான் இருக்கிறது என்று இனிப்பைத் திருப்பிக் கொடுத்தார். கவுன்சிலர் கடிதம் வந்தது. டாக்டர் பாலகணேஷ் அதைப் பணிவாக வாசித்துவிட்டு, கடிதத்தைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாது என்றார். தொழிலில் முதல் தடவையாக, பார்ப்பதற்கு ஆளே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது பஞ்சாட்சரத்துக்கு உறைத்தது. ராத்திரி படுக்கையில் பக்கத்தில் கேட்கும் மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தார்.

மாதாமாதம் நடை சோதனை உண்டு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கு ஒன்று அந்தக் கோடிக்கு ஒன்று ஆரஞ்சுக் கூம்பு வைத்து, ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். தாயம்மா ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் முன்னதாகவே சுவரைப் பிடித்தாள். அவளோடு ஆராய்ச்சியில் சேர்ந்தவர் லாரன்ஸ். ஒரு காலத்தில் ஆட்டோ ஓட்டியவர். ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஏழாவது மாடிக்கு மாற்றப்பட்டவர். அங்கே லிஃப்ட், திறப்பு விழா அன்றைக்கு ஓடியது. அந்த லாரன்ஸ் போன மாதத்தைவிட அதிக தூரம் நடந்தார். நடந்ததோடு நிற்காமல் விசிலடித்தார்.

பஞ்சாட்சரத்துக்கு அது போதும். மருந்து லாரன்ஸுக்கு, மாவு தாயம்மாவுக்கு.

அன்றைக்கே இரண்டு பேருக்கும் அடுத்த மாதத்துக்கான டப்பா கொடுத்திருந்தார்கள். தாயம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் டப்பாவோடு லாரன்ஸை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். காரியத்தைப் பாதி டீயில் சொன்னார். ஒரே ஒரு மாதம் மாத்திரையை மாற்றிக்கொள்வது. அதற்குப் பதிலாக லாரன்ஸுக்கு ஏழாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வீடு. அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பது தனக்குத் தெரியும்.

லாரன்ஸ் கிளாஸைக் கீழே வைத்தார். "கீழ் வூடு கன்ஃபார்மா நைனா?"

"என் வார்த்தை."

டப்பாக்கள் அவரவருடையதாகவே இருந்தன. உள்ளே இருந்த மாத்திரைகள் மட்டும் ஓர் எவர்சில்வர் டம்ளர் வழியாக இடம் மாறின. நம்பர் அப்படியே இருந்ததால் கம்ப்யூட்டரின் மனம் நோக வழியில்லை. தாயம்மாவிடம் அவர் சொல்லவில்லை. இரண்டு வேளையும் தன் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். "இன்னாயா புதுசா அக்கறை" என்று அவள் கேட்டபோது தண்ணீரை நீட்டினார்.

அந்த மாதம் முடிவதற்குள் தாயம்மாவின் கண் மஞ்சளாயிற்று. வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர் ஜுரம். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் டாக்டர் பாலகணேஷ் பஞ்சாட்சரத்தை அழைத்து உட்காரவைத்தார். ஜுவேரியாவும் இருந்தாள். நிலைமை மோசமாக இருப்பதால் தாயம்மாவின் நம்பரைப் பிரித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அவளுக்கு விழுந்திருந்தது நிஜ மருந்து.

பஞ்சாட்சரம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

இந்த மருந்து சிலருக்கு ஈரலைத் தொந்தரவு செய்யும், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று டாக்டர் தொடர்ந்தார். பித்தப்பையில் சின்னக் கற்கள் தெரிகின்றன. அதில் ஒன்று பித்தக் குழாயில் சிக்கியிருந்தாலும் இப்படி ஆகும்தான். ஆனால் வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க மயக்க மருந்து வேண்டும். இந்த நுரையீரலுக்கு அது பெரிய ஆபத்து. மருந்துதான் காரணம் என்று தோன்றும்போது அந்த ஆபத்தில் இறங்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டொரு நாள் பார்ப்போம்.

பார்ப்போம் என்ற சொல்லை வைத்துப் பிழைத்தவருக்கு அந்த அறையில் அது எப்படிக் கேட்டது என்று சொல்லத் தேவையில்லை. அந்த நம்பர் மாத்திரை மூன்று வாரமாக அவள் வயிற்றுக்குள் போகவே இல்லை என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் தாயம்மாவுக்கு ஆராய்ச்சியில் இடம் போகும், லாரன்ஸுக்கும் போகும், போலீஸ்கூட வரலாம். சொல்லாவிட்டால் மருந்தை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருப்பார்கள், கல் காத்திருக்காது. சட்டைப் பையில் செல்போனைத் தடவினார். அதில் இருந்த எந்தப் பெயரும் இதற்கு ஆகாது.

"அவ அதைத் துன்னலை சார்" என்றார். "நான் மாத்திட்டேன்."

முழுக்கச் சொல்லி முடித்தபோது ஜுவேரியா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "லாரன்ஸ் அங்கிள் நல்லா நடந்தாருன்னா மாத்துனீங்க? தெம்புலயே சிலருக்குத் தேவலையாகும்னுதானே அங்கிள் முதல் நாளே அவ்வளவு சொன்னேன்."

தாயம்மா சாப்பிட்டது என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்பதால் லாரன்ஸின் நம்பரையும் பிரித்தார்கள். மாவு. அப்படியானால் மஞ்சள் காமாலைக்கு மருந்து காரணமில்லை. அவசரமாக மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கல் குழாயில் சிக்கித்தான் இருந்தது. இனி ஆபத்தில் இறங்காமல் இருப்பதுதான் அதிக ஆபத்து.

நிஜ மருந்து ஈரலைத் தொட்டிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துச் சோதிக்க லாரன்ஸை வரச்சொன்னார்கள். டப்பாவையும் கொண்டுவந்தார். ஒரு மாத்திரை குறையவில்லை.

"நான் துன்னவே இல்ல நைனா" என்றார். "உன் சம்சாரம் நடக்க முடியாம செவுத்தைப் புடிச்சதைப் பார்த்தேன். அது மாவுன்னு தெரிஞ்சுபோச்சு. மாவை எதுக்குத் துன்னுவாங்க? கீழ் வூட்டுக்காக வாங்கிக்கினேன்."

நிஜ மருந்து மூன்று வாரமாக ஏழாவது மாடி அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பஞ்சாட்சரம் அந்த டப்பாவைக் கையில் வாங்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். எந்த ஊரில் எந்த ஆளைப் பார்த்தாலும் கிடைக்காதது. இந்த ஈரலோடு தாயம்மாவுக்கு இப்போது அது விஷம் என்றும், ஆராய்ச்சியில் இனி அவளுக்கு மாத்திரை கிடையாது, பரிசோதனைகள் மட்டும் தொடரும் என்றும் ஜுவேரியா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார்.

"அப்போ என்னுது?" என்றார் லாரன்ஸ்.

ஜுவேரியா சொன்னாள். நேற்றுவரை ஏழு மாடி ஏறிய மனிதர், அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. தரைத்தள வீட்டை எப்படியும் வாங்கித் தருகிறேன் என்று பஞ்சாட்சரம் முணுமுணுத்தார். "அதையாவது கெடுக்காம முடி" என்றார் லாரன்ஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

தாயம்மாவைக் கல் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகும் முன் இரண்டு நிமிஷம் பேசலாம் என்றார்கள். திரும்பி வருவாள் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பஞ்சாட்சரம் குனிந்து எல்லாவற்றையும் அவள் காதில் சொன்னார். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அந்த மஞ்சள் கண்கள் அவரையே பார்த்தன. அவள் முகமூடியை விலக்கினாள்.

"எனக்கா... வுழுந்துச்சு?"

"உனக்குத்தான்."

"யாரும்... சொல்லாமலே?"

"யாரும் சொல்லலை. தானா வுழுந்துச்சு."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று, பெருமை என்றே சொல்லலாம், வந்துவிட்டுப் போயிற்று. அப்புறம் அவர் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

"நீ... சும்மா இருந்திருக்கலாம்யா" என்றாள்.

கட்டிலைத் தள்ளினார்கள். அதன் விளிம்பைப் பிடித்தபடியே கதவுவரை நடந்தார். அங்கே கையை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்.