வேம்புவுக்குச் சான்று இல்லை

விரல்கள் நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டைத் தாள் தாளாகப் புரட்டின. எண்ணூர் முகத்துவாரத்தில் யாராவது மூழ்கிய செய்தி வந்தால் நின்றன. மூழ்கியவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தன. உடலை எடுத்தவர் மட்டும் எப்போதும் ‘மீட்புக் குழுவினர்’.

அந்தக் குழு வேம்பு என்ற ஒரே ஆள். இருபது வருடம் மூச்சடக்கி முழுகி, நாற்பத்தொரு உடல்களைக் கரை சேர்த்தவர். போன மாதம் இறந்தார்.

புரட்டியவர் ஃபிர்தௌஸ். திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் பதினோரு வருடமாக எழுதுகிறார். வேம்புவைப் பற்றி எழுதியபோது, சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சான்றாகக் காட்டினார். எங்கள் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. “போஸ்டர் சான்றாகாது, ஒரு வாரத்தில் நீக்கப்படும்” என்று இன்னொருவர் குறிப்பு எழுதினார். அதே வாக்கியத்தை எழுதி ஃபிர்தௌஸும் எத்தனையோ பேரின் கட்டுரைகளை நீக்க வைத்திருக்கிறார்.

இன்று கடைசி நாள். கடைக்குத் திரும்பியபோது வேம்புவின் மகள் மகிழினி காத்திருந்தாள்.

“இன்னாக்கா, கெடச்சுதா?”

“செத்தவங்க பேருதாம்மா கீது. எடுத்தவரு பேரு எங்கியும் இல்ல.”

“அப்போ எங்க நைனாவும் உள்ளயே முழுகிச் செத்திருந்தா பேரு வந்திருக்கும், இல்ல?”

ஃபிர்தௌஸ் கணினியின் பக்கம் திரும்பினார். கட்டுரையை அச்சிடக் கொடுத்தார். அது வெளியே வருவதற்குள், கலைக்களஞ்சியத்தில் அந்தக் குறிப்பின் கீழே ‘நீக்கலாம்’ என்று தன் பெயரிலேயே எழுதி முடித்தார். சூடு ஆறாத தாளை மகிழினியிடம் நீட்டினார்.