அன்றைக்கே இரண்டு நாள்

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது எனக்கு மதுரைக் கோர்ட்டில் நன்னடத்தை அதிகாரி வேலை கிடைத்தது. சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிக்கிற வேலை அது. யுத்தம் தொடங்கிய சமயம். கோச்சடையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். வேலை பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனேன், வந்தேன்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதல் தடவை தவறு செய்தவர்கள். அவர்கள் முகம் எதுவும் இப்போது நினைவில் இல்லை. நினைவில் இருப்பவன் சிம்மக்கல் மண்டிகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவன். சொந்த ஊர் திருவாதவூர். குடித்தால் அடிப்பான். அதற்காக இரண்டு தடவை உள்ளே போய் வந்திருந்தான். மூன்றாவது தடவை மூட்டைக் கொக்கியால் ஒருவர் தோளைக் கிழித்துவிட்டான். அவனை வெளியே விட்டது தப்பு என்று கோர்ட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

விட்டவர் அப்போதிருந்த மாஜிஸ்திரேட். அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு இரண்டு நிபந்தனைகள் சொன்னார். அவன் திங்கட்கிழமை தோறும் பத்து மணிக்கு என்னிடம் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். குடிக்கக் கூடாது. மீறினால் பத்திரத்தை ரத்துச் செய்யப் போவதில்லை. அன்றைக்கே பிடித்து, விசாரணைக்கு என்று இரண்டு நாள் சப்-ஜெயிலில் வைத்துவிட்டு, திரும்ப வெளியே விடுவார்.

“கோபப்படாதீங்க. புத்தி சொல்லாதீங்க. தப்பு செஞ்ச அன்னைக்கே கூட்டிட்டு வந்தாப் போதும்” என்றார்.

அந்த நாட்களில் எனக்குக் கோபம் வருவதில்லை. அதனால் அது சுலபமாக இருந்தது.

இரண்டாவது திங்கட்கிழமையே அவன் கள் நாற்றத்தோடு வந்தான். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டேன். மத்தியானத்துக்குள் அவன் உள்ளே இருந்தான். புதன்கிழமை சாயங்காலம் வெளியே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான்.

“இம்புட்டுத்தானாய்யா?”

“இம்புட்டுத்தான். அடுத்த தடவையும் இம்புட்டுத்தான்.”

அடுத்த தடவை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூன்று முறையும் நான் திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. நான்காவது தடவை என்று ஒன்று வரவில்லை. பத்து மாதம் ஒரு திங்கள் தவறாமல், பத்து அடிக்கும் முன்பே வந்து வராந்தாவில் குந்தியிருப்பான். திட்டினால் திருப்பித் திட்டலாம், இந்த ஆளிடம் என்ன செய்வது என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிச் சிரித்தானாம். அவன் பெண்சாதி ஒருநாள் வந்து, இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர் கெட்டவர் அல்ல. அரிசிப் பதுக்கல் வழக்குகளே அவருக்குத் தலைக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓடி வர வேண்டாம், ரிப்போர்ட் எழுதி வையுங்கள், நாலைந்து சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தை மாதத்தில் அவன் அண்ணன் வயலில் அறுப்புக்குப் போய் ஒரு திங்கள் வரவில்லை. அடுத்த திங்கள் வேட்டி துண்டை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு தானாகவே வந்தான். நான் போகச் சொன்னேன்.

“உள்ள போக வேணாமாய்யா?”

“வேணாம். ரிப்போர்ட் எழுதிட்டேன்.”

“அப்ப எப்பய்யா கூப்புடுவீக?”

தெரியாது என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு இரண்டு வாரம் வரவில்லை. வந்தபோது கள் நாற்றம். ரிப்போர்ட் எழுதினேன். மண்டியில் ஒருவனை அறைந்தான். அதையும் எழுதினேன். அவன் பெண்சாதி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

“நீங்க புடிச்சு ரெண்டு நாள் வச்சாத்தேன்யா அடங்குவாரு” என்றாள்.

அது என் கையில் இல்லை என்றேன். அவள் திருவாதவூருக்குப் போய்விட்டாள். குடியை விட்டால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவன் விட்டான். எப்படி விட்டான் என்று எனக்குத் தெரியாது. மறுபடி திங்கட்கிழமைகளில் வர ஆரம்பித்தான். அவளும் திரும்பி வந்தாள். ஏழு வாரம் அப்படிப் போயிற்று. எட்டாவது வாரம் அவனைப் பற்றிய ரிப்போர்ட்டுக் கட்டைப் புது மாஜிஸ்திரேட் எடுத்துப் பார்த்தார். எத்தனை மீறல்கள் என்று என்னிடம் எழுத்தில் கேட்டார்கள். ஐந்து என்று எழுதினேன். இப்போது ஒழுங்காக வருகிறான் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன்.

பத்திரம் ரத்தாகி ஒன்றரை வருஷம் தண்டனை ஆயிற்று. கூண்டில் நின்றபடி அவன் என்னைப் பார்த்தான். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவன் பெண்சாதி ஆபீசுக்கு வந்தாள். அழவில்லை.

“எந்தத் தப்புக்குய்யா இது?”

ரிஜிஸ்தரைப் பிரித்து ஐந்து தேதிகளையும் வாசித்துக் காட்டினேன்.

“அதெல்லாம் முடிஞ்சு போச்சேய்யா” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் போய்விட்டாள்.

பழைய மாஜிஸ்திரேட்டுக்கு இதைப் பற்றி ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். விலாசம் மட்டும் எழுதினேன். அந்தக் கார்டு வெகுநாள் மேஜையில் கிடந்தது.

அவன் வெளியே வந்த பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். சிம்மக்கல்லில் வண்டியிலிருந்து மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். மூட்டையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். ஏதாவது கேட்பான் என்று நின்றேன்.

“சாப்புட்டீகளாய்யா?” என்றான்.

ஆச்சு என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனான். குடிக்கிறானா, அவள் இன்னும் அவனோடு இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.