திரைக்கு அந்தப் பக்கம் எடுத்த படம்

வாணியம்பாடியில் ஒரு நிக்காஹ். போட்டோ எடுக்கும் வேலை எனக்கு. லைட் ஸ்டாண்டுகளையும் ட்ரைபாடையும் தூக்கிவர ஒரு பெண்மணியை அழைத்துப் போயிருந்தேன். ஒல்லியான உடம்பு. நான்கு ஸ்டாண்டுகளை ஒரே தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். மண்டபத் தரையில் கீறல் விழக்கூடாதென்று, ஷூ கம்பெனியில் கழித்த தோல் துண்டுகளில் உறை தைத்து ஒவ்வொரு ஸ்டாண்டின் காலுக்கும் மாட்டியிருந்தார்.

பெண்கள் பகுதிக்குள் ஆண்கள் போகக்கூடாது. திரையோடு நான் நின்றுவிட்டேன்.

"நீங்க இங்கயே இருங்கண்ணா. கேமராவக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். வெளியே எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆல்பத்தின் அட்டைக்கு மணப்பெண் தேர்ந்தெடுத்தது அவர் எடுத்த படத்தைத்தான். இத்தனை வருடத்தில் நான் எடுத்த எந்தப் படத்திலும் மணப்பெண் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"லைட்டு நல்லா விழுந்திருக்குது. அதான் படம் தேறிச்சு" என்றேன்.

"ஆமாண்ணா. லைட்டும் நான்தான வெச்சேன்" என்றார், ஸ்டாண்டின் திருகைச் சரிபார்த்தபடி.

குத்திச் சொன்னாரா, வெகுளியாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை மட்டும்தான் அச்சடித்தேன்.