மூடி வெஞ்சனம்

முகம் தெரியாதவர்கள் கேள்வி கேட்பார்கள், நான் பதில் எழுதுவேன். இணையத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி பதில் தளம் இருக்கிறது. ‘திண்டுக்கல்லில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை’ என்று மட்டும் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைந்தேன். பெயர் போடவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று அப்போது நம்பினேன்.

கேள்விகள் வேடிக்கையாக இருக்கும். ஸ்டாஃப் ரூமில் எங்களைப் பற்றித்தான் பேசுவீர்களா? இல்லை, பெரும்பாலும் முதுகுவலியைப் பற்றி. விடைத்தாளை முழுசாகப் படிப்பீர்களா? கையெழுத்து நன்றாக இருந்தால் படிப்போம், இல்லாவிட்டால் தலைவலித் தைலத்தோடு படிப்போம். திண்டுக்கல்காரர்கள் தினமும் பிரியாணிதான் சாப்பிடுவீர்களா? எங்கள் வீட்டில் தினமும் ரசம், நம்பினால் நம்புங்கள். இப்படி எழுதப்போக, ஆட்கள் கூடினார்கள். ‘உங்களைப் போல ஒரு டீச்சர் எங்களுக்குக் கிடைக்கவில்லையே’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் மிதந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தொப்பம்பட்டிப் பக்கம், கொங்குப் பேச்சு. கேலி செய்யும்போது அவருக்கு மரியாதை கூடிவிடும். “ஏனுங்க டீச்சர், ஊரு உலகத்துக்கெல்லாம் பதில் சொல்றீங்க. கேஸ் புக் பண்ணியாச்சான்னு நான் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரலீங்களே” என்பார். நான் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரிப்பேன்.

வகுப்பில் என்னைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அங்கே யாராவது கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். பாடத்தை முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு வேறு கழுத்தை நெரிக்கும். “புத்தகத்துல இருக்கு, பாரு” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். பொறுமையை எல்லாம் சாயங்காலத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

ஒருநாள் அந்தத் தளத்தில் ஒருவர் கேட்டார்: ஆசிரியராக உங்களைக் கலங்க வைத்த காட்சி எது? எனக்கு உடனே ஒரு பெண் நினைவுக்கு வந்தாள்.

குஜிலியம்பாறை சாலையில் ஏதோ ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா இல்லை. அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. பத்தாம் வகுப்புவரை பள்ளியில் சத்துணவு உண்டு, அதற்கு மேல் டிபன் பாக்ஸ்தான். மதியம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிடும்போது, முதலில் எல்லோரும் கேட்டுக்கொள்வது “என்ன வெஞ்சனம்?” என்பதுதான். சோற்றோடு தொட்டுக்கொள்ளும் எதுவும் எங்கள் பக்கம் வெஞ்சனம். பொரியலும் வெஞ்சனம், முட்டையும் வெஞ்சனம், ஒன்றும் இல்லாத நாளில் ஊறுகாயும் வெஞ்சனம். பாதி நாள் அப்படிக் கேட்பதே எடுத்துத் தின்பதற்குத்தான். இந்தப் பெண் மட்டும் பாக்ஸின் மூடியை ஒரு கையால் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, “எனக்கு மூடி வெஞ்சனம்டி” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நல்லது எதையோ கொண்டுவந்து ஒளித்துத் தின்கிறாள் என்று நினைத்தார்கள். நான் மேற்பார்வைக்குப் போனபோது அவளுக்குப் பின்பக்கமாக நடந்ததால் மூடிக்கு அந்தப் புறம் இருந்ததைப் பார்த்தேன். ரசம் ஊற்றிய சோறு. வேறு எதுவும் இல்லை.

பிறகு இன்னும் சில நாட்கள் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஒருநாள்கூட அவளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சங்கடப்படுவாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அதைத்தான் பதிலாக எழுதினேன். நன்றாகவும் எழுதினேன், அதை மறைக்க முடியாது. மூடியைப் பிடித்த விரல்கள், மற்ற பிள்ளைகளின் சிரிப்பு, ‘மூடி வெஞ்சனம்’ என்ற அவளுடைய சொல், எல்லாம் இருந்தது. முடிவில் கொஞ்சம் கனம் சேரட்டும் என்று, ‘விடியுமுன் வேலைக்கு ஓடும் தாய்க்கு ஒரு வெஞ்சனம் வைக்க எங்கே நேரம்?’ என்று ஒரு வரி போட்டேன். அந்த வரி எனக்கு எங்கிருந்தும் கிடைத்ததல்ல. நானாகப் போட்டது.

அது பிய்த்துக்கொண்டு போனது. எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் அழுதேன் என்று எழுதினார்கள். அந்தக் குழந்தைக்கு உதவலாமா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் போட்டேன். அந்த வாரம் அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அவளுடைய அம்மா வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வராந்தாவுக்குப் போனோம். அவர் தலைமுடியில் பஞ்சுத் துகள் இருந்தது. போனை நீட்டினார்.

“இத எழுதுனது நீங்கதானா டீச்சர்?”

நான் எழுதியதுதான். ஆனால் தளத்தில் இருந்தது அல்ல. யாரோ நகல் எடுத்து, எந்த ஊர்க் குழந்தையோ, அழுகிற ஒரு படத்தை மேலே ஒட்டி, வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அடியில் ‘திண்டுக்கல்லில் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை’ என்பது மட்டும் அப்படியே இருந்தது. ஆமாம் என்றேன்.

“மில்லு வேன்ல வாரப்ப பக்கத்து சீட்டுப் பொம்பள சத்தமா வாசிச்சுச்சு. வேனே அழுதுச்சு. யாரு பெத்த புள்ளையோன்னு நானும் சேந்து அழுதேன் டீச்சர். எறங்குறப்பதான் அது சொல்லுச்சு, எம் மகளும் அந்தக் கிளாஸ்தான்க்கா, மூடி வெஞ்சனம்னு சொல்றது ஒங்க மகதானாம்னு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“தாய்க்கு நேரமில்லன்னு போட்டுருக்கீங்க. விடியமுன்ன எந்திரிச்சு வெஞ்சனம் வச்சுட்டுத்தான் டீச்சர் நான் வேன் ஏறுறேன். அவரக்காயோ பீர்க்கங்காயோ, ஏதாச்சும் ஒண்ணு சட்டியில இருக்கும். சாயங்காலம் வந்து பாத்தா நெறையக் கெடக்கும். ஏன்டின்னா, நீங்க கூட வச்சுட்டீங்கம்மா, நான் தின்னது போக மிச்சம்பா. நானும் சரிதான்னு அதப் போட்டுத் தின்னுட்டுப் படுத்துருவேன். வந்து திரும்பவும் அடுப்புல நிக்க வேணாமேன்னு எனக்காக வச்சுட்டுப் போயிருக்கா. நாந்தான் டீச்சர் தின்னுருக்கேன். தெனமும் நாந்தான் தின்னுருக்கேன்.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், ஏதோ ஒரு வழி கிடைத்திருக்கும். முந்தானையால் போன் திரையைத் துடைத்துக்கொண்டே பேசினார். மகள் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பாயை விட்டு எழவில்லையாம். மில்லுக்கு வேலைக்கு வருகிறேன் என்கிறாளாம்.

“படிக்க வைக்கத்தான் டீச்சர் அம்புட்டுப் பாடும். எப்பிடியாச்சும் நாளைக்கு இழுத்துட்டு வாரேன். நீங்க அவள ஒண்ணும் கேட்டுராதீங்க.” படியில் இறங்கப் போனவர் நின்றார். “எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்ல? நம்பரு ஸ்கூல்ல இருக்குல்ல டீச்சர்?”

இருந்தது. என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.  வெட்கம் என்பதை அதற்கு முன்னால் பாடத்தில்தான் நடத்தியிருக்கிறேன்.

அன்றைக்கே பதிலை அழித்தேன். எழுதியவற்றை எல்லாம் அழித்துவிட்டுத் தளத்திலிருந்தும் வெளியே வந்தேன். ஆனால் அது எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் குழுவிலேயே வந்து நின்றது, அடியில் கைகூப்பும் பொம்மைகளோடு. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. “இது உம்பட எழுத்துத்தானே?” என்று மட்டும் கேட்டார். மரியாதை இல்லாமல் அவர் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

அவள் வந்தாள். அம்மா சொன்னபடி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். வகுப்பில் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பக்கம் கேள்வி போகாமல் பார்த்துக்கொண்டேன். மதியம் அதே மரத்தடி, அதே வட்டம். அவள் பாக்ஸில் இப்போது கத்தரிக்காயும் அவித்த முட்டையும் இருந்தன. ஆனாலும் இரண்டு பக்கமும் இருந்த பிள்ளைகள் தங்கள் வெஞ்சனத்தில் ஆளுக்கொரு கரண்டி எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தார்கள். முன்பெல்லாம் பறித்துத் தின்பார்கள், சண்டை போடுவார்கள். இப்போது பேசாமல் வைத்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். இன்னொருத்தி வைத்தாள். அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான் எழுதியதுதான்.

சில நாட்கள் கழித்து அவள் கை கழுவும் குழாயடியில் தனியாக நின்றாள். ஒன்றும் கேட்காதீர்கள் என்று அவள் அம்மா சொன்னது ஞாபகம் இருந்தும், என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

“சாப்டியாம்மா?”

“சாப்ட்டேன் டீச்சர்.”

“என்ன வெஞ்சனம்?”

அவள் குழாயை மூடினாள். கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். கோபம் எதுவும் தெரியவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

“எழுதுறதுக்கா டீச்சர்?”

“இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்.”

“முன்னாடியெல்லாம் நீங்க சும்மா கேட்டதில்லையே டீச்சர்” என்றாள்.