சவுக்கு வேரில் ஒரு கூட்டுக்குடித்தனம்

மாமல்லபுரம் கடற்கரைச் சவுக்கு மரங்களின் வேரில் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது மரத்துக்கு உரம் தரும், மரம் அதற்குச் சோறு போடும். இந்தக் கூட்டுக்குடித்தனத்தைத்தான் செங்கல்பட்டில் எங்கள் பேராசிரியர் திலகவதி, சக பேராசிரியர் கேசவனோடு சேர்ந்து ஆராய்ந்துவந்தார்.

1996இல், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை. ஆராய்ச்சியையே பாகம் பிரித்துக்கொண்டார்கள்: கேசவனுக்குக் கன்று, திலகவதிக்கு நுண்ணுயிர். தனியே வளர்த்த கன்று வெளுத்தது. தனியே வளர்த்த நுண்ணுயிர் தேறவில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று பிழைக்காது என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதி, வெட்கமே இல்லாமல் இருவரும் பதவி உயர்வு வாங்கினார்கள்.

ஓய்வுபெற்ற நாளில் திலகவதி, சேர்ந்து வாழும் உயிர்களைப் பற்றி உருகி உருகிப் பேசினார். கைதட்டல் அடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"குரூப் போட்டோவுக்கு அந்தக் கேசவன் நாற்காலிய அந்தாண்ட போடச் சொல்லும்மா."