உச்சியிலிருந்து பழுக்கும் கசகசா

எவர்ட் பிளாட் என்று பெயரைச் சொன்னால் ஸ்வீடனின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. "பழைய ஸ்டாக்கிங்ஸ் கேட்டு வருவாரே, அவர்" என்றால் உடனே தெரியும். ஓட்டை விழுந்தது, நூல் பிரிந்தது, ஜோடி தொலைந்தது, எதுவானாலும் வாங்கிக்கொள்வார். பேக்கரிக்காரி அஸ்தா கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு பை தொங்கவிட்டிருந்தாள். ஊருக்குப் புதியவர்கள் அந்தப் பையில் நைலான் காலுறைகள் நிறைந்து கிடப்பதைப் பார்த்து முழிப்பார்கள். அஸ்தா ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் இலவங்கப்பட்டை ரொட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்புவாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

விஷயம் சாதாரணம்தான். எவர்ட் ஊர்த் தாவரவியல் தோட்டத்தில் விதை சேகரிப்பவர். காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் அதன்மேல் காலுறையை மாட்டிக் கட்டிவிட்டால் காற்று உள்ளே போகும், மழை விட்டதும் ஈரம் காயும், விதை மட்டும் தப்பிப் போகாது. காகிதப் பை முதல் மழையிலேயே கரைந்துவிடும். துணிப் பையில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகஸ்ட் மாதம் தோட்டத்துக்கு வருகிறவர்கள் செடிக்குச் செடி பெண்களின் காலுறை ஆடுவதைப் பார்த்துக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

தோட்டத்துக்கு வருமுன் அவர் ரயிலில் தபால் பிரித்தவர். ஓடும் பெட்டியில் நின்றபடி, அடுத்த நிலையம் வருவதற்குள் கடிதங்களை ஊர்வாரியான சின்னச் சின்ன அறைகளில் எறிந்து முடிக்க வேண்டும். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் அந்த வேலையை விட்டுத் தோட்டத்தில் சேர்ந்தார். காய்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். புத்தகம் காய்களைச் சதையுள்ளவை, உலர்ந்தவை என்று முதலில் பிரிக்கும். உலர்ந்தவற்றை வெடிப்பவை, வெடிக்காதவை என்று மறுபடி பிரிக்கும். எவர்ட்டுக்கு ஒரே கேள்விதான்: இது வீட்டைவிட்டு எப்படிக் கிளம்புகிறது? அவரை இனத்து லூப்பின் காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். ஜெரேனியம் விதையைக் கவண்கல் போல எறியும். மேப்பிள் இறக்கை கட்டிக்கொண்டு போகும். கூஸ்பெரி பறவைக்காகக் காத்திருக்கும். எது எப்படிக் கிளம்பும் என்று தெரிந்தால் எந்த வாசலில் நிற்பது என்று தெரிந்துவிடும்.

ஸ்ட்ராபெரியைப் பற்றி மட்டும் அவருக்கு வாயை அடக்கத் தெரியாது. கோடைத் திருநாளில் ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டும்போது சொல்லிவிடுவார்.

"அந்தச் சிவப்புச் சதை பழமே இல்ல. பூவோட அடித்தண்டு வீங்கி நிக்குது. மேல புள்ளி புள்ளியா ஒட்டியிருக்கே, அது ஒவ்வொண்ணும்தான் ஒரு பழம்."

பாறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வான்யா உடனே தன் தட்டை நகர்த்துவாள். "அப்ப புள்ளிய நீ பொறுக்கித் தின்னு எவர்ட். வீக்கத்த இங்க தள்ளு."

வான்யாவின் பாறைத் தோட்டத்தில்தான் அந்த இமயமலைக் கசகசா நின்றது. நாம் சமையலுக்கு வாங்கும் கசகசாவுக்கு உறவு. ஆனால் உருவத்தில் பெரியப்பா. நாலைந்து வருடம் தரையோடு தரையாக, பொன்னிற முடி அடர்ந்த இலைகளை விரித்துக் கிடக்கும். பிறகு ஒரு கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் தண்டு விட்டு, மஞ்சள் பூக்களாகக் கொட்டி, காய்த்து, அதோடு செத்துப்போகும். ஒரே தடவை. ஸ்காட்லாந்துத் தோட்டம் ஒன்று அனுப்பிய விதையில் இவர்களுக்குப் பிழைத்தது இந்த ஒன்றுதான்.

தோட்டங்களுக்குள் விதையை விற்பதில்லை. கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தவர் பின்னால் கேட்டால் மறுக்கக்கூடாது. அந்த வருடம் ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்த இங்கெகார்ட் அம்மையார், விடுமுறை முடிந்து எவர்ட் திரும்பிய முதல் நாளே விஷயத்தைச் சொன்னார்.

"குளிர்காலத்துல அவங்க செடி மொத்தமும் அழுகிப்போச்சாம் எவர்ட். நம்மகிட்ட நிக்கிறதுதான் மிச்சம். தரேன்னு சொல்லிட்டேன். நீங்க பாத்துக்குவீங்கதானே?"

"பாத்துக்கிறேன். காத்துக்கு முன்னாடி நான் போயிடுவேன்."

இந்த இடத்தில் ஜூலை மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலையில் ஸ்வீடன் இழுத்துப் பூட்டிக்கொண்டு கடற்கரைக் குடிலுக்குப் போய்விடும். தொழிற்சாலைக்காரன், பேராசிரியர், பல் மருத்துவர் யாரும் ஊரில் இருக்கமாட்டார்கள். எவர்ட் ஓலாந்துத் தீவில் தங்கையின் குடிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். இங்கெகார்ட் படகில் இருந்தார். தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வேண்டும் என்பதால் வான்யா மட்டும் தோட்டத்தில் இருந்தாள். கசகசா பூத்தது அந்த ஜூலையில்.

எவர்ட் திரும்பியபோது இதழ் எல்லாம் உதிர்ந்து, கிளைத்த கொத்து முழுக்கப் பச்சைக் காய்கள். தினமும் காலையில் போய் அடிக் காயை விரலால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. பச்சையாக இருக்கும்போதே காலுறை மாட்டினால் தூறலில் ஈரம் தங்கி அழுகும். இன்னும் நாள் இருக்கிறது என்று லூப்பின்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

லூப்பின் கொத்தில் அடிப்பூ முதலில் மலரும், நுனி வளர்ந்துகொண்டே போகும். அதனால் அடிக்காய்தான் முதலில் முற்றும். உயரமாக நிமிர்ந்து நிற்கும் கொத்துகளில் அவர் கைபட்டவை பெரும்பாலும் அந்த வகைதான். வேறொரு வகையும் உண்டு. அதில் நுனியே ஒரு பூவாகி நின்றுவிடும். அதுதான் மூத்தது, தம்பி தங்கைகள் கீழே வருவார்கள். அவருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தவரின் கையும் பழகிய பக்கமே போகும். மேலும் அந்தக் கசகசாவின் உச்சி அவர் தலைக்கு மேலே இருந்தது.

ஆகஸ்டில் நண்டு விருந்துக் காலம் வந்தது. வான்யா வேகவைக்கப்போகும் ஆற்று நண்டுக்காக ஒரு கைப்பிடி சதகுப்பையைப் பறித்துக்கொண்டு பாறைமேல் ஏறி வந்தாள். எவர்ட் கீழே குனிந்து அடிக்காயை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அது என் விதைப் பாத்திச் சதகுப்பை" என்றார் நிமிராமலே.

"பூ குடை குடையா அத்தனை நிக்குது. நாலு குடை போனா உன் ராஜ்யம் கவுந்துடுமா? நண்டுக்கு வாசனை வேணாமா?" என்றவள் பேச்சை நிறுத்தினாள். பாறைமேல் நின்றதால் கசகசாவின் உச்சி அவள் இடுப்புக்கு நேராக இருந்தது. "எவர்ட், இது வாய் பிளந்து கெடக்கே. வேணும்னேதான் விட்டியா?"

அவர் பாறைமேல் ஏறிப் பார்த்தார். உச்சிக் காய்கள் பழுப்பேறி, தலையில் கீறல் கீறலாகத் திறந்து, உப்புத் தூவும் குப்பி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். தூசிகூட விழவில்லை.

"எந்தப் பூ மொதல்ல மலர்ந்துச்சு?"

"உச்சிதான். ஜூலை முழுக்க மேலருந்து கீழ இறங்கி இறங்கிப் பூத்துச்சு. அவ்ளோ அழகு. பாக்க ஒரு நாதி இல்ல, எல்லாரும் கடல்ல கால நனைக்கப் போயிட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே வான்யா."

"ரயில் தபால்காரனுக்குப் போய் அடுத்த ஸ்டேஷன் எதுன்னு நான் சொல்லணுமா? உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

எவர்ட் கீழே இறங்கி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக இங்கெகார்டிடம் போனார்.

"பாதி போச்சு" என்றார். "நல்ல பாதி. மூத்த காய்ங்கதான் கொழுத்த விதை வச்சிருக்கும். நான் அடியில நின்னு காத்திட்டிருந்தேன், அது மொட்டை மாடி வழியா போயிடுச்சு."

இங்கெகார்ட் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தச் செடிக்குப் பெயர்ப் பலகை நான் எழுதினது. பூங்கொத்து எந்த வகைன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தோணியிருக்கணும். ஒருத்தர் படகுல, ஒருத்தர் வெள்ளையடிச்சுக்கிட்டு." பிறகு, "மிச்சம் தேறுமா?" என்று கேட்டார்.

"நடுவுல இருக்கிறது தேறலாம். அடியில இருக்கிறத நம்ப முடியாது. பனி முந்திக்கிட்டா ஒண்ணுமில்ல."

அஸ்தாவின் பை அன்றே காலியானது. வான்யா ஏணியைப் பிடித்துக்கொள்ள, எவர்ட் கிளை கிளையாகக் காலுறை மாட்டினார். இந்தத் தடவை மேலிருந்து கீழே. மழை வந்தபோதெல்லாம் போய்க் காலுறைகளை உதறி ஈரம் போக்கினார். விடியலில் புல்மேல் வெள்ளை படிந்திருக்கிறதா என்று சன்னலிலேயே பார்த்துவிட்டுத்தான் காப்பி போட்டார். காயை அசைத்துக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்து வான்யா, "என்ன சொல்லுது? உன்னத் திட்டுதா?" என்பாள். "இன்னும் திட்டுது" என்பார்.

நடுக் காய்கள் செப்டம்பர் நடுவில் பழுத்தன. ஒவ்வொரு காலுறையாக அவிழ்த்து வெள்ளைத் தட்டில் தட்டியபோது கரகரவென்று கொட்டியது. ஊதிப் பதர் நீக்கியபின் ஒரு தேக்கரண்டி அளவு. அடிக்காய்கள் பழுக்கவே இல்லை. முதல் பனியில் கறுத்துத் தொங்கின. செடியும் செத்தது.

இங்கெகார்ட் தட்டைப் பார்த்தார். "ரெண்டாப் பிரிப்போம். பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு. நமக்கும் செடி இல்லையே."

"முழுக்க அனுப்பிடலாம்" என்றார் எவர்ட்.

"அப்ப நமக்கு?"

"நம்ம பங்க காத்து ஏற்கெனவே வெதச்சிடுச்சு. உச்சிக் காய்ல இருந்தது எங்க போயிருக்கும்? வான்யாவோட ஜல்லியிலதான். நல்ல விதை நம்ம மண்ணுல கெடக்குது. இது ரெண்டாந்தரம், இதயும் பாதி புடிச்சு வச்சுக்கிட்டா எனக்கு நல்லா இல்ல."

"முளைக்கும்னு சொல்றீங்களா?"

"சொல்ல முடியாது. குளிர் பட்டாத்தான் முளைக்கும், குளிர் வருது. ஆனா வசந்தத்துல அந்தப் பக்கம் யாரும் களைக்கொத்து வைக்கக்கூடாது."

கதவருகே நின்ற வான்யாவின் முகம் மாறியது. அவள் பாறைத் தோட்டத்து ஜல்லியில் ஒரு புல் நிற்காது. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். "ஒரு வசந்தம் முழுக்கக் களையெடுக்காம விடணுமா? என் மானம் போகும் எவர்ட்."

"போகும்" என்று ஒத்துக்கொண்டார். "என்னுது ஏற்கெனவே போயிடுச்சு. துணைக்கு வா."

அவள் இங்கெகார்டைப் பார்த்தாள். இங்கெகார்ட் தட்டை எவர்ட் பக்கம் தள்ளினார். விதை முழுவதும் அந்த வாரமே ஸ்காட்லாந்துக்குப் போனது.

பனி உருகியதும் பாறைத் தோட்டம் காடாயிற்று. சிக்வீடு என்ற களை படர்ந்தது, டான்டேலியன் பூத்தது, எங்கிருந்தோ பிர்ச் மரக் கன்றுகள்கூடத் தலை நீட்டின. ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு பெரியவர், "தோட்டத்துல ஆளில்லையா?" என்று கேட்டார். "இருக்கேன், பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள் வான்யா. களைக்கொத்தைக் கொட்டகையில் பூட்டிச் சாவியை அவளே எவர்ட்டிடம் கொடுத்திருந்தாள், கை சும்மா இருக்காது என்று.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, எவர்ட் விதை அறையில் உறைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். சன்னல் வழியே பார்த்தால் பாறைமேல் வான்யா முழங்காலிட்டுக் குனிந்திருந்தாள். வெகுநேரம் அசையவே இல்லை. அவர் பேனாவை வைத்துவிட்டு வெளியே போனார். அவள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லு. காலை எங்க வைக்கிறேன்னு பாத்து வை."

ஜல்லிக்கு நடுவே விரல்நுனி அளவில் சின்ன இலைகள், பொன் முடியோடு. ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று, பாதையோரம் ஒரு கூட்டமாகச் சில. காற்று இறங்கிய திசையிலேயே சிதறிக் கிடந்தன.

எவர்ட் நின்ற இடத்திலேயே குந்தினார். 

"களைய மட்டும் கையால எடுத்துடலாமா?" என்று கேட்டாள் வான்யா. "மெதுவா. நான் மட்டும்."

"எடு" என்றார் எவர்ட். "ஜூலையில நான் எங்கயும் போகல. தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்."

"இது பூக்க இன்னும் நாலு வருஷம் ஆகுமேய்யா!"

"அதுக்குள்ள உன் ஜல்லியில வேற எது எந்தப் பக்கமிருந்து பூக்குதுன்னு பாத்து வச்சுக்கிறேன்."

அவள் சிரித்துக்கொண்டே முதல் சிக்வீட்டை வேரோடு இழுத்தாள்.