பதினோரு நொடி ஊளை

நம்பாவிட்டால் போங்கள். கேட்டதைத்தான் எழுதுகிறேன், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, அழுகையைத் தரம் பிரிப்பது. சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு மனுஷக் குரலைக் கற்றுக்கொடுக்கிறார்களாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் பெயர் போட வேண்டும்: அலறல், கதறல், கேவல், ஓலம், ஊளை. ஒரே துண்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்போம். பெயர் ஒத்துப்போனால் துண்டு மூடிவிடும். போட்ட பெயரை மாற்றினால் அது நம் தப்பு. மூன்று தப்பு சேர்ந்தால் வேலை நிரந்தரமாகாது. எனக்கு ஏற்கெனவே இரண்டு. இன்னும் ஒரே நாள்தான் பாக்கி.

அந்த நாள் ஞாயிறு. நான்காவது மாடியில் நான் ஒருத்திதான். போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். காலையிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் தெரியாதவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டே டப்பாச் சோற்றைத் தின்று முடித்தேன்.

மதியம் 2.52. 212ஆம் துண்டு. பதினோரு நொடி. ஊ... ஊ... ஊ... 'ஊளை' என்று போட்டேன். இரண்டாம் ஆள் போட்டிருந்தது 'கதறல்'.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் யாரோ என்றுதான் நினைத்தேன். குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: "நாய்தாங்க அது. ஞாயித்துக்கிழமையும் ஏன் உசுர வாங்குறீங்க?"

உடனே பதில் வந்தது. "நாய் கதவத் தட்டுமா?"

மறுபடி கேட்டேன். ஊளைக்கு அடியில்... டொம். டொம். டொம்.

அதற்கும் அடியில் ஒரு ஏசி. கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

ஹெட்போனைக் கழற்றினேன்.

என் தலைக்கு மேலே... கிர்ர்ர்... டக்.

3.04. கதவுக்கு ஓடினேன். திறக்கவில்லை.

தட்டினேன். கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். கடைசியில் சொல்லே வரவில்லை... வெறும் சத்தம்.

யாரும் வரவில்லை.

3.19. கதவு தானாகத் திறந்தது.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திரும்பிப் போய், 'ஊளை'யை அழித்துவிட்டுக் 'கதறல்' என்று போட்டேன்.

துண்டு மூடியது.

மறுநாள் மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு நாய்க்காக வேலையத் தொலைச்சிட்டியேம்மா!"

"ரெண்டாவதா கேட்டது யாரு சார்?"

திரையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "இந்த ஐடி நம்பர்... போன வருஷம் உன் சீட்டுல இருந்த பொண்ணோடது. வீசிங் இருந்த பொண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை கதவு மாட்டிக்கிச்சு. திங்கக்கிழமை காலையிலதான்..."

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் காவலாளி மடக்கினார்.

"ஏம்மா, நீ மேலதான வேல பாக்குற? இந்த நாயிங்க எப்படிம்மா மாடி ஏறுது?"

"எந்த நாய்?"

"நேத்து மூணு மணிக்கு ஊளை விட்டுச்சே. நாய்தானேன்னு விட்டுட்டேன். போன வருஷமும் இப்படித்தான்... அப்ப ஒண்ணு. நேத்து ரெண்டு."